பழைய ஐபிஎம் பிசி பேக்கப் ஃபிளாப்பிகள்: மீட்கும் வேலையில் நீண்ட நாள் பழகியதில் தெரிந்தவை

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0 இயங்குதளத்தில் பேக்கப் (நகலெடுக்க), ரெஸ்டோர் (நகலிலிருந்து மீட்க) என்று இரண்டு கட்டளைகள் இருந்தன. நிறைந்த டிஸ்க்கை 360 கேபி ஃபிளாப்பிகளில் எடுக்க 28, 29 தட்டுகள் வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ஏடி மாடலில் 1.2 எம்பி ஃபிளாப்பி டிரைவும் 20 எம்பி டிஸ்க்கும் இருந்ததால் 17 தட்டுகளில் முடிந்தது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அந்த அடுக்குகள் பல அலுவலகங்களின் அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் படித்தெடுப்பதில் எந்தக் கருவி உதவுகிறது, எது காலை வாருகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாஸ் 2.0 முதல் 3.2 வரையிலான பேக்கப் மந்தமானது, இடத்தையும் வீணாக்குவது. ஆனால் இத்தனை வருடம் கழித்து மீட்க அதுதான் சுலபம். 3.3-இல் வந்த வடிவம் வேகமானது. பழுதுபட்ட தட்டில் அது கொடுக்கும் தலைவலியும் அதிகம். டாஸ் 6-இன் எம்எஸ்பேக்கப் இன்னும் வசதியானது, இன்னும் மோசமானது.

முதலில் டிரைவ். 360 கேபி தட்டில் பக்கத்துக்கு 40 ட்ராக் (வட்டப் பாதை), ட்ராக்குக்கு 9 செக்டர் (பாதையின் துண்டு), செக்டருக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 3,68,640 பைட். 1.2 எம்பி டிரைவில் 80 ட்ராக். அதன் ஹெட்டின் (படித்து எழுதும் முனையின்) அகலம் பழைய டிரைவில் பாதிதான், 0.33 மில்லிமீட்டருக்குப் பதில் 0.16 அளவில். அதனால் ஏடி டிரைவில் 360 தட்டைப் படிப்பதில் பிரச்சினை இல்லை, எழுதினால்தான் வம்பு. அகலமான பழைய ட்ராக்கின் நடுவில் ஒல்லியான புதிய ட்ராக் விழும். ஓரங்களில் பழைய பதிவு அப்படியே இருக்கும். அந்தத் தட்டை அசல் 360 டிரைவில் போட்டால் ஹெட் இரண்டையும் சேர்த்து வாசித்துக் குப்பையைக் கொடுக்கும். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: 360 டிரைவில் படிக்காத 360 தட்டை ‘செத்தது’ என்று ஒதுக்காமல் 80 ட்ராக் டிரைவில் போட்டுப் பாருங்கள். கடைசியாக ஏடியில் திருத்தப்பட்ட தட்டாக இருந்தால் அங்கே சுத்தமாக வரும். டீயாக் எஃப்டி-55ஜிஎஃப்ஆர் போன்ற ஒரு 80 ட்ராக் டிரைவும், முடிந்தால் ஒரு அசல் 40 ட்ராக் டிரைவும் இருந்தால் போதும்.

5.25 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட் வேண்டும்; யுஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட். பழைய பிசி பவர் சப்ளை ஒன்றிலிருந்து நாலு முனை மோலெக்ஸ் கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுற்றாமல் விளக்கு மட்டும் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த 12 வோல்ட்டைத்தான்.

தட்டை டிரைவுக்குள் விடுவதற்கு முன் எழுத்துத் தடை, அதாவது தட்டில் எதையும் எழுத முடியாமல் செய்வது. 5.25-இல் பக்கவாட்டு வெட்டை மூடினால்தான் தடை, 3.5-இல் ஓட்டை திறந்திருந்தால் தடை. இரண்டையும் கையாள்பவர்கள் குழம்பும் இடம் இது. மூடுவதற்குக் கறுப்பு அல்லது வெள்ளி ஸ்டிக்கர்தான் வேண்டும். ஒளி உணரி வைத்த டிரைவுகளில் செலோடேப் ஒட்டினால் வெளிச்சம் ஊடுருவும், டிரைவ் தாராளமாக எழுதும். ‘படிக்க மட்டும்தானே போகிறோம்’ என்ற நினைப்பும் வேண்டாம். விண்டோஸ் 95 காலத்து மெஷினில் போட்டால், தடை இல்லாத தட்டின் பூட் செக்டரில் (முதல் செக்டரில்) தயாரிப்பாளர் பெயர் இருக்கும் 8 பைட்டை அது கேட்காமலே மாற்றிவிடும்.

பூஞ்சை பிடித்த தட்டை அப்படியே சுற்ற விடாதீர்கள். உறையின் நீள்துளை வழியே தட்டைக் கையால் மெல்லத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சை, அதைக் கழுவலாம். ஒளி ஊடுருவும் வளையம் தெரிந்தால் காந்தப் பூச்சே உரிந்துவிட்டது. அந்த ட்ராக் போனதுதான். கழுவுவதற்கு உறையின் ஒரு ஓரத்தை வெட்டித் தட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரத் திரவம் விட்டு அலசி, நிழலில் உலர்த்தி, நல்ல உறை ஒன்றுக்குள் செருகிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு அழுக்குத் தட்டுக்கும் பிறகு ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டால், ஒரு தட்டில் உரிந்த துகள் அடுத்த நல்ல தட்டைக் கீறும். கிறீச்சென்று சத்தம் வந்த உடனே நிறுத்துங்கள்; இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்பது இங்கே செல்லாது.

படிப்பதற்குக் கீர் ஃப்ரேசர் உருவாக்கிய, டிரைவைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் என்ற மின்சுற்றுப் பலகைதான் என் பரிந்துரை. அது செக்டரைப் படிப்பதில்லை. தட்டில் காந்தத் திசை மாறும் நேர இடைவெளிகளையே பதிவு செய்கிறது. செக்டர்களைப் பிரிப்பது பிறகு கணினியில் நடக்கும். பழுதான தட்டை மறுபடி மறுபடி சுற்றவிடாமல், ஒரு தடவை எடுத்த பதிவை வைத்தே வெவ்வேறு முறையில் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். மூன்று சுற்று வைத்து எடுத்த 360 தட்டின் பதிவு 20 எம்பி அளவில் வரும். இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 80 ட்ராக் டிரைவில் 360 தட்டை எடுக்கும்போது ஸ்டெப் 2 (ஒன்றுவிட்டு ஒரு ட்ராக்) என்று கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் ட்ராக் 0 முழுதாக வரும், அடுத்ததிலிருந்து செக்டர்கள் விடுபட்டதாகக் காட்டும். தட்டு கெட்டுவிட்டதென்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கிரீஸ்வீசலில் எனக்குள்ள ஒரே மனக்குறை, எல்லாமே கட்டளை வரி. பட்டனைத் தட்டிப் பழகியவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும்.

இனி பேக்கப்பின் உள்ளே. தட்டின் டைரக்டரியில் பேக்கப்ஐடி.@@@ என்ற ஃபைல் இருந்தால் அது 3.2 வரையிலான பழைய வடிவம். ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாக, அநேகமாகத் தன் சொந்தப் பெயரிலேயே இருக்கும். முன்னால் 128 பைட் தலைப்பு மட்டும் கூடுதல். தலைப்பின் முதல் பைட் 255 என்றால் ஃபைல் இந்தத் தட்டோடு முடிகிறது. 0 என்றால் மீதி அடுத்த தட்டில். பிறகு வரிசை எண், ஆறாவது பைட்டிலிருந்து ஃபைல் முதலில் இருந்த டைரக்டரிப் பாதை. ஆக, ரெஸ்டோர் கட்டளையே இல்லாமல் மீட்கலாம். ஃபைலை நகலெடுக்கும் லினக்ஸின் டிடி (dd) கட்டளையில் தொகுதி அளவு 128, தாண்ட வேண்டியது 1 என்று கொடுத்தால் அசல் ஃபைல் கையில். இரண்டு தட்டில் பிரிந்திருந்தால் இரண்டு தலைப்பையும் வெட்டிவிட்டு ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு தட்டு செத்தால் போவது அதில் இருந்த ஃபைல்கள் மட்டும்.

இந்த வடிவத்தின் குறை இடம்தான். 360 தட்டில் ஒதுக்கீடு 1,024 பைட்டாக நடக்கும். 200 பைட் கடிதமும் ஒரு கேபியை அடைத்துக்கொள்ளும். 3.3-இல் எல்லா ஃபைல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து பேக்கப்.001 என்ற ஒரே மூட்டையாக்கினார்கள். எது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு கண்ட்ரோல்.001 என்ற சின்ன ஃபைலில். அடுத்த தட்டில் 002, இப்படிப் போகும். கண்ட்ரோலின் அமைப்பு எளிமையானது: ஒவ்வொரு பகுதியின் முதல் பைட்டும் அதன் நீளத்தைச் சொல்லும். தட்டுத் தலைப்பு 139, டைரக்டரிக்கு 70, ஃபைலுக்கு 34. அந்த 34 பைட்டுக்குள் பெயர், மொத்த அளவு, எத்தனையாவது துண்டு, மூட்டைக்குள் தொடக்க இடம், துண்டின் நீளம் எல்லாம் அடக்கம். பைத்தானில் முப்பது நாற்பது வரியில் பிரித்துவிடலாம். ஆனால் கண்ட்ரோல் ஃபைல் இருக்கும் செக்டர் போனால், மூட்டை முழுதாக இருந்தும் எல்லைகள் தெரியாது. பிறகு ஒவ்வொரு ஃபைல் வகையின் தொடக்க அடையாளத்தைத் தேடி வெட்ட வேண்டியதுதான்.

எம்எஸ்பேக்கப் தட்டுகளில் சிசி30407ஏ.001 மாதிரிப் பெயர் இருக்கும்: முதல், கடைசி டிரைவ் எழுத்து, ஆண்டின் கடைசி இலக்கம், மாதம், நாள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சுருக்கப்பட்ட தரவு; கையால் பிரிக்க முயல வேண்டாம். டாஸ் 6-ஐ எமுலேட்டரில் (பழைய பிசி போல இயங்கும் மென்பொருளில்) ஏற்றி அதன் வழியாகவே எடுங்கள். பட்டியல் ஃபைல் கடைசித் தட்டில் இருக்கும், எனவே முதலில் பத்திரப்படுத்த வேண்டியது கடைசித் தட்டு.

ரெஸ்டோரையே ஓட்டுவதானால் 86பாக்ஸ் எமுலேட்டரில் டாஸ் 5 நல்ல தேர்வு. அது இரண்டு பழைய வடிவத்தையும் படிக்கும். இன்னொரு எமுலேட்டரான டாஸ்பாக்ஸின் சொந்த டாஸில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். அதிகம் பேர் மாட்டும் இடம் பாதை. ரெஸ்டோர் டிரைவ் எழுத்தைப் பொருட்படுத்தாது, டைரக்டரியை விடாது. சி டிரைவில் கணக்கு என்ற டைரக்டரியிலிருந்து எடுத்ததை டி டிரைவில் அதே பெயருள்ள டைரக்டரிக்குத்தான் எழுதும். வேறு பெயர் கொடுத்தால் மீட்க எந்த ஃபைலும் இல்லை என்று எச்சரித்து நின்றுவிடும். பாதை தெரியாவிட்டால் மூல டைரக்டரியிலிருந்து *.* (எல்லா ஃபைல்களும்) என்று கொடுத்து, உள் டைரக்டரிகளையும் சேர்க்கும் எஸ் சுவிட்சை (கட்டளையின் முடிவில் /S) சேருங்கள். டாஸ் 5-இல் டி சுவிட்ச் எதையும் எழுதாமல் பட்டியலை மட்டும் காட்டும். தட்டு வரிசை மாறியது என்ற எச்சரிக்கை வந்தால் தொடரலாம், ஆனால் பிரிந்த ஃபைல் ஒட்டாது. பேக்கப் கட்டளையை அசல் தட்டில் தவறிப்போய்கூட ஓட்டிவிடாதீர்கள்: ஏ சுவிட்ச் இல்லாமல் ஓட்டினால் எழுதும் தட்டின் மூல டைரக்டரியில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

ஃபைல் கைக்கு வந்த பிறகு பாதி வேலை மீதி. டிபேஸ் III தரவுத்தள மென்பொருளின் டிபிஎஃப் ஃபைலில் முதல் பைட் 3. மெமோ (நீண்ட குறிப்புப் புலம்) இருந்தால் 131. அடுத்து ஆண்டு, மாதம், நாள். பிறகு நாலு பைட்டில் பதிவு (ரெக்கார்டு) எண்ணிக்கை. இரண்டில் தலைப்பு நீளம். இரண்டில் பதிவு நீளம். கரண்ட் போய் ஃபைல் மூடப்படாமல் நின்றிருந்தால் எண்ணிக்கை பழையதாகவே இருக்கும், கடைசிப் பதிவுகள் கண்ணில் படாது. ஓர் உதாரணக் கணக்கு: ஃபைல் 41,322 பைட், தலைப்பு 321, பதிவு 82, கடைசியில் முடிவுக் குறி 1. 41,322-இல் 322 கழித்து 82-ஆல் வகுத்தால் 500. பதிவு எண்ணிக்கை 460 என்று தலைப்பு சொன்னால் 40 பதிவு ஒளிந்திருக்கிறது. பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் எண்ணிக்கையின் முதல் இரண்டு பைட்டை 244, 1 என்று மாற்றுங்கள், நகலில் மட்டும். பதிவின் முதல் பைட் 32 என்றால் உயிரோடு இருப்பது. 42, அதாவது நட்சத்திரக் குறி என்றால் நீக்கக் குறித்தது. நீக்கக் குறித்ததை நிரந்தரமாக அகற்றும் பேக் (PACK) கட்டளை ஓடாத வரை அது உள்ளேயேதான் இருக்கும். பல மாற்றும் நிரல்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், கவனம். என்டிஎக்ஸ் இண்டெக்ஸ் ஃபைல்களுக்காக மெனக்கெட வேண்டாம், புதிதாக உருவாக்கலாம். லோட்டஸ் 1-2-3 விரிதாள் மென்பொருளின் டபிள்யூகே1 ஃபைல்களை லிப்ரேஆபீஸ் நேரடியாகவே திறக்கும்.

வேர்ட்ஸ்டார் என்ற சொல் செயலியில் தட்டிய கடிதங்களைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல் குறியாகத் தெரியும். டாக்குமென்ட் முறையில் அது சொல்லின் கடைசி எழுத்துக்கு எட்டாவது பிட்டை ஏற்றிவிடும் (பைட்டின் மதிப்பில் 128 கூடும்). வரி தானாக மடியும் இடத்தில் வரி முடிவுக் குறியான 13-க்குப் பதில் 141 இருக்கும். எல்லா பைட்டிலும் எட்டாவது பிட்டை இறக்கினால் ஆங்கிலம் படிக்க வரும், ஃபைல் முடிவுக் குறியான 26-க்குப் பிறகு இருப்பதை வெட்டிவிடலாம். எங்கும் சொல்லித்தரும் வழி இதுதான். நம் ஊர் அலுவலக ஃபைல்களில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய ஜிஸ்ட் கார்டு போட்ட பிசியில் தட்டிய தமிழ், இஸ்கி என்ற இந்திய மொழிக் குறியீட்டில் இருக்கும். எழுத்துகள் எல்லாம் 160-க்கு மேல். அதில் ‘க’ 179. எட்டாவது பிட்டை இறக்கினால் 51, அதாவது 3 என்ற இலக்கம். தமிழ்க் கடிதம் முழுவதும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகக் கலந்துபோகும், அதை மட்டும் சேமித்தால் திரும்ப வழியில்லை. முதலில் 160-க்கு மேற்பட்ட பைட்டுகள் எங்கே விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சொல்லின் கடைசியில் மட்டும் என்றால் வேர்ட்ஸ்டார் ஆங்கிலம். தொடர்ச்சியாக வந்தால் இஸ்கி. விண்டோஸின் 57004 குறியீட்டுப் பக்கம் வழியாக யூனிகோடுக்கு மாற்றலாம்.

ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று அடுக்கு வைத்துக்கொள்வதே கைக்கு வந்த முறை: காந்தப் பதிவு, செக்டர் இமேஜ், பிரித்தெடுத்த ஃபைல்கள். கூடவே உறை லேபிளின் புகைப்படம் ஒன்று. தேதியும் தட்டு வரிசையும் பல நேரம் அந்தப் பேனா எழுத்தில் மட்டும்தான் இருக்கும். மூன்றுக்கும் ஷா-256 (ஃபைல் மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு ஓர் உரை ஃபைலில் போடுங்கள். விடுபட்ட செக்டர் எண்களையும் அதிலேயே குறியுங்கள். இமேஜில் அந்த இடங்கள் வெறும் நிரப்பு பைட்டாக இருக்கும், குறிப்பு இல்லாவிட்டால் அடுத்து எடுப்பவர் அதை அசல் தரவு என்று நினைத்துவிடுவார்.