பட்டறையா, ஆய்வுகூடமா, கூட்டாய்வா? எண்ணிம ஆய்வில் பல்கலைக்கழக நூலகரின் இடம்

கொழும்பில் உள்ள பல்கலைக்கழக நூலகமொன்று எண்ணிம மனிதப்பண்பியல் ஆய்வுக்கு, அதாவது வரலாறு, இலக்கியம் போன்றவற்றைக் கணினிக் கருவிகளால் ஆராய்வதற்கு, துணைநிற்க விரும்பினால் மூன்று வழிகள் உள்ளன: பயிற்சிப் பட்டறை நடத்துவது, தனி ஆய்வுகூடம் அமைப்பது, அல்லது ஆய்வுத் திட்டமொன்றில் நூலகரைத் தொடக்கத்திலிருந்தே உறுப்பினராகச் சேர்க்கும் கூட்டாய்வு. ஆய்வுகூடத்துக்கு நிரந்தர ஆளணியும் தொடர்ந்த நிதியும் வேண்டும். அவை உறுதியாகும்வரை அதைத் தள்ளிவைப்பதே நல்லது.

பட்டறைக்குச் செலவு குறைவு, பலரையும் சென்றடையும். ஒரே நாளில் பக்கப் படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி உரையாக மாற்றும் டெசராக்ட் எழுத்துணரியையும், எண்ணிமத் தொகுப்புகளை இணையத்தில் காட்சிப்படுத்தும் ஒமேகா மென்பொருளையும் அறிமுகப்படுத்திவிடலாம். ஆனால் அங்கே பயன்படுத்தப்படுபவை பெரும்பாலும் தெளிவான மாதிரிப் பக்கங்கள். மாணவி தன் சொந்தத் தரவுக்குத் திரும்பியதும்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது, அப்போது அருகில் எவரும் இருப்பதில்லை.

1930இல் கொழும்பில் தொடங்கிய வீரகேசரியின் ஆரம்பகால இதழ்களை எடுத்துக்கொள்வோம். ‘லை’, ‘னை’ ஆகியவை துதிக்கை போன்ற கொம்புடனும், ‘றா’, ‘னா’ ஆகியவை கால் தனியே நில்லாத பழைய வடிவிலும் அச்சான காலம் அது. இன்றைய எழுத்துருக்களில் பழகிய எழுத்துணரி இவற்றில் இடறும். எந்தப் பக்கங்களைக் கையால் தட்டெழுதி எழுத்துணரியைப் பழக்குவது, புறக்கோட்டை என்றும் பெட்டா என்றும் வரும் ஒரே இடத்தை எப்பெயரின்கீழ் இணைப்பது, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முற்பட்ட குறியீட்டைக் கொண்ட பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு எப்படி மாற்றிச் சரிபார்ப்பது என்பவையெல்லாம் பட்டியலாக்கத்தில் ஊறிய நூலகர் ஆய்வாளருடன் உட்கார்ந்து எடுக்கவேண்டிய முடிவுகள். மீதரவு, அதாவது ஆவணத்தின் பெயர், இடம், காலம் போன்ற விவரக்குறிப்பு, பிழைத்தால் அதன்மேல் வரையும் வரைபடமும் எண்ணும் சொற்கணக்கும் பிழைத்துவிடும் என்பதால், இவற்றைத் திட்டத்தின் இறுதிக்கு ஒத்திப்போட முடியாது.

கூட்டாய்வின் குறை, ஒரு நூலகரால் ஒரு வேளையில் ஓரிரு திட்டங்களையே தாங்க முடியும் என்பது. அது சிறு குறையன்று. ஆயினும் 2005இலிருந்து ‘நூலகம்’ என்ற பெயரிலான இணைய ஆவணக நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கி எவரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்கத்தில் வழங்கிவருவதால், அங்குள்ளதை மறுபடி ஸ்கேன் செய்யும் உழைப்பை மிச்சப்படுத்தி, விவரணத்திலும் பிழைதிருத்தத்திலும் செலவிடலாம்.

நம் பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் பதவிகள் விரிவுரையாளர் தரங்களுக்கு இணையானவை. எனவே கூட்டாய்வில் சேர்ந்த நூலகரின் பெயர் நன்றியுரையில் அல்ல, இணையாசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும். முதலில் ஒரு திட்டத்தை இப்படி முடித்துவிட்டு, அதில் திருத்திய பக்கங்களையே பாடமாக வைத்துப் பட்டறை நடத்தலாம்.