பாண்டியில் பழைய மூவி கேமரா வாங்குவது: ஊர் வந்தபோது கண்ட நிலவரம்

ஊருக்கு வரும் நேரத்தில் பாண்டியில் ஒரு பழைய மூவி கேமரா வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருப்பவர்கள் முதலில் பிலிமை முடிவு செய்யுங்கள், அப்புறம் கேமராவைத் தேடுங்கள். இங்கே கண்ணைப் பறிக்கும் கேமராக்களில் சில, இன்று பிலிம் கிடைப்பதே அரிதான பிலிம் அகலத்தைச் சேர்ந்தவை.

1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் இது. பாரீசுக்கும் இங்குமாகப் போய்வந்த சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பங்களின் அலமாரியிலிருந்து பத்தே கம்பெனியின் 9.5 மி.மீ. கேமரா வெளியே வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1922-இல் அறிமுகமான அளவு அது. பிலிமின் துளை ஓரத்தில் இருக்காது, இரண்டு பிரேம்களுக்கு நடுவில் இருக்கும். எனவே கதவைத் திறந்து பாருங்கள். பிலிமை இழுக்கும் நகம் பாதையின் மையத்தில் வந்தால் அது 9.5. காட்சிக்கு வைக்க அருமையான பொருள், படமெடுக்க வாங்காதீர்கள். பத்தே வெபோ மாடல் 16 மி.மீ.-க்கும் 9.5-க்கும் தனித்தனியாக வந்தது. வெளித்தோற்றம் ஏமாற்றும், நகம் ஏமாற்றாது.

படமெடுக்கத்தான் வேண்டும் என்றால் சூப்பர் 8 எளிது, 8 மி.மீ. பிலிம் மூடிய பெட்டியில் (கேட்ரிட்ஜ்) வரும் வகை அது. கோடக் 1965-இல் கொண்டுவந்த 50 அடி கேட்ரிட்ஜ் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. விநாடிக்கு 18 பிரேம் என்றால் 3 நிமிடம் 20 விநாடி ஓடும், 24 பிரேம் என்றால் இரண்டரை நிமிடம். ஒலியும் பதியும் பெரிய சவுண்ட் கேட்ரிட்ஜ் 1997-லேயே நின்றுவிட்டது. ஆனால் சவுண்ட் கேமராவில் சாதாரண கேட்ரிட்ஜ் பொருந்தும், அதற்காக ஒதுக்க வேண்டாம். சூப்பர் 8-க்கு முந்தைய 8 மி.மீ. வகையான டபுள் 8-க்குக் கறுப்பு வெள்ளையில் ஃபோமா கம்பெனி பிலிம் வருகிறது. 16 மி.மீ. என்றால் உள்ளே பற்சக்கரத்தைக் கவனியுங்கள். இரு பக்கமும் பல் இருந்தால் இரு ஓரமும் துளையுள்ள பிலிம்தான் ஏறும். இன்றைய 16 மி.மீ. பிலிம் பெரும்பாலும் ஒற்றைத் துளை. பழைய போலெக்ஸ் H16-களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எங்கே தேடுவது? காந்தி வீதி சண்டே மார்க்கெட் துணிமணிக்குத்தான் பேர் போனது. பழைய சாமான் விரிப்பவர்களை ஓரங்களில் தேட வேண்டும். கூட்டம் சேருமுன் காலையிலேயே போனால் நிதானமாகச் சோதிக்க விடுவார்கள். ஒயிட் டவுன் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் பொருள் சுத்தமாக இருக்கும், விலை ஏறியிருக்கும். ரசீது கேட்டால் தருவார்கள் என்பது அங்கே ஒரு நன்மை. இரண்டு இடத்திலும் "ஓடுது சார்" என்றால் மோட்டார் சத்தம் வருகிறது என்று மட்டுமே பொருள். ஓடும் சத்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் விலை ஏறும், பேரத்தை உள்ளூர்ச் சொந்தக்காரரிடம் விடுவது நல்லது.

கையில் ஆறு புது பென்டார்ச் செல், போனில் டார்ச், காலாவதியான சூப்பர் 8 கேட்ரிட்ஜ் ஒன்று, இவ்வளவும் இருக்கட்டும். செல் அறையை முதலில் திறங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வினிகர் நனைத்த பஞ்சில் துடைத்து மீட்கலாம். முனையிலிருந்து கிளம்பும் கம்பி பச்சையாகிவிட்டிருந்தால் கசிவு உள்ளே ஏறிவிட்டது, விட்டுவிடுங்கள். அடுத்து கேட்ரிட்ஜ் அறையில் சுருட்டும் அச்சை விரலால் பிடித்தபடி பட்டனை அழுத்துங்கள். அச்சு வழுக்கி நிற்க வேண்டும், விட்டதும் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லை என்றால் பிலிம் கேட்ரிட்ஜுக்குள் குவிந்து சிக்கும். பிறகு பழைய கேட்ரிட்ஜைப் போட்டு முழுதாக ஓட்டி நேரம் பாருங்கள். 18 பிரேம் வேகத்தில் 200 விநாடிக்கு ஐந்தாறு விநாடி முன்பின் இருக்கலாம். கால் நிமிடம் தள்ளிப்போனால் மோட்டாரோ பழைய எண்ணெயோ இறுகியிருக்கிறது.

சாவி கொடுக்கும் போலெக்ஸுக்குச் செல் தொல்லை கிடையாது. முழுச் சாவியில் 24 பிரேமில் ஏறத்தாழ 28 விநாடி ஓடும், கடைசி வரை சுருதி இறங்கக்கூடாது. பிலிம் இல்லாமல் 32-க்கு மேல் வேகம் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள், பொறிக்குக் கேடு.

கடலோர ஊரில் பெரிய எதிரி பூஞ்சை. கடலூரானாலும் பாண்டியானாலும் உப்புக்காற்றும் ஈரமும் பூட்டிவைத்த தோல் உறைக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். உறையோடு கிடைத்தது என்று மகிழ வேண்டாம், அந்த உறைதான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஜூமை முழுதாக இழுத்து, முன் லென்ஸில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தூசிப் புள்ளி படத்தில் தெரியாது. சிலந்தி வலைபோல் கிளைவிடும் நூல் தெரிந்தால் அது பூஞ்சை. ஜூம் லென்ஸின் உள்கண்ணாடிகளில் அது இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும். போலியு 4008 போல லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவில் லென்ஸை மட்டும் மாற்றலாம். ஆனால் அதன் பேட்டரி தனிவகை, அநேகமாக செத்திருக்கும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வெளிச்சமானிக்கு வருவோம். பழைய நிசோ, கேனன் சிலவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரசச் செல் தேவை, இப்போது அது செய்யப்படுவதில்லை. 1.5 வோல்ட் செல்லைத் திணித்தால் மானி தவறாகக் காட்டும். இதற்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. காது மிஷின் கடையில் நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 செல் கேளுங்கள். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். அளவு சிறியது, சுற்றிலும் குழாய் ரிப்பேர்க் கடையின் ரப்பர் வாஷர் ஒன்று வைத்தால் ஆடாது. பிறகு கேமராவை நிழலிலிருந்து வெயிலுக்குத் திருப்புங்கள், ஊசி நகர வேண்டும். மலிவான கேமராக்கள் 40, 160 என்ற இரண்டு பிலிம் வேகத்தை (ஒளியுணர்திறன், ஏ.எஸ்.ஏ.) மட்டுமே அறியும். 200 நெகட்டிவ் பிலிமை 160 என்று எடுத்துக்கொண்டால் கொஞ்சம் வெளிச்சம் கூடும், நெகட்டிவ் தாங்கும். கழுவியதும் நேரே பார்க்கும் படமாகவே வரும் ரிவர்சல் பிலிம் அவ்வளவு பொறுக்காது.

குவியத்துக்குக் கடற்கரையே சோதனைச்சாலை. கண்பகுதியை உங்கள் பார்வைக்குச் சரிசெய்து, ஜூமை முழுதாக இழுத்து, தள்ளி நின்று பழைய கலங்கரை விளக்கத்தைக் கூர்மையாக்குங்கள். வளையம் முடிவிலிக் குறியில் நிற்க வேண்டும்.

ரிப்பேர் விஷயத்தில் பாண்டியை நம்ப முடியாது. ஸ்டில் கேமரா பார்ப்பவர் செல் முனையைப் பற்றவைத்துத் தருவார், அதற்கு மேல் போக வேண்டாம். பெரிய வேலைக்குச் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் விசாரியுங்கள்.

திரும்பும்போது கழுவாத பிலிமை ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். பைகளைச் சோதிக்கும் புதிய சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் பிலிமில் மூட்டமேற்றும், கைச்சோதனை கேளுங்கள். நூறு வயது தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். 1920-களின் தொடக்கத்தில் செய்த பத்தே பேபி (9.5 மி.மீ. கேமரா) அந்த வயதை எட்டிவிட்டது. எடுத்துச் செல்லுமுன் தொல்லியல் துறையிடம் கேட்டுச் சான்று வாங்குங்கள்.

வாங்கும் கேமராவுக்குள் பழைய பிலிம் இருந்தால் வெளிச்சத்தில் திறக்காதீர்கள். அது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணமாக, போய்ச் சேர்ந்த ஒரு பாட்டியின் முகமாக இருக்கலாம். கோடக்கின் பழைய வண்ணப் பிலிமான கோடக்ரோமுக்கான கழுவல் 2010-இன் கடைசியோடு நின்றுவிட்டது, இப்போது கறுப்பு வெள்ளையாக மட்டுமே வெளிக்கொண்டுவர முடியும். கேமரா எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு, தெரிந்தால் பிலிமை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.