விமானந்தாங்கியா, நீர்மூழ்கியா, ஃபிரிகேட்டா? ஒரு நடுத்தரக் கடற்படை எதை முதலில் வாங்க வேண்டும்

கடற்படைகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களில் பெரும்பாலும் கப்பல்களின் எண்ணிக்கைதான் முதலில் வரும். அந்தக் கணக்கில் 1,00,000 டன் விமானந்தாங்கியும் ஒன்றுதான், 200 டன் ரோந்துப் படகும் ஒன்றுதான். சரி, டன் கணக்கில் கூட்டிப் பார்த்தால் தெளிவாகுமா என்றால் அதுவும் ஆகாது. எந்தக் கப்பல் எந்த வேலைக்கு உதவும், எத்தனை நாள் கடலில் தாங்கும், எதன் முன்னால் தோற்கும் என்று ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் அளவாக உள்ள ஒரு நாட்டுக்கு நீர்மூழ்கியும், வான் தாக்குதலைத் தடுக்கத் தெரிந்த ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பலும், கூடவே போகும் எரிபொருள் கப்பலும்தான் முதலில் வேண்டும். விமானந்தாங்கி அதற்கெல்லாம் அப்புறம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கப்பல் எப்போதும் பணியில் இருக்க வேண்டுமானால், கையில் ஏறக்குறைய மூன்று இருக்க வேண்டும். ஒன்று கடலில் நிற்கும், ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும், இன்னொன்று பயிற்சியில் இருக்கும். எந்த வகையை வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

டீசல் நீர்மூழ்கியும் அணுசக்தி நீர்மூழ்கியும்

இந்த இரண்டையும் ஒப்பிட, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு வகையும் அதே கடலில், அதே வாரங்களில் வேலை செய்தன.

பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி ஸ்பார்ட்டன் ஏப்ரல் 1 அன்று ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பி, ஏப்ரல் 12க்குள் ஃபாக்லாந்துத் தீவுகளுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றுவிட்டது. அதே கடற்படையின் டீசல் நீர்மூழ்கி ஆனிக்ஸ், இங்கிலாந்திலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மாதத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. வேக வித்தியாசம் என்றால் இதுதான். அணு உலை உள்ள கப்பல் நாள் முழுக்க நீருக்கடியில் முழு வேகத்தில் ஓடலாம். உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு தீரும்வரை வெளியே வர வேண்டியதில்லை. டீசல் கப்பலோ அவ்வப்போது மேற்பரப்புக்கு அருகில் வந்து, காற்றுக் குழாயை நீட்டி, எஞ்சினை ஓட்டி பேட்டரியை ஏற்றியாக வேண்டும்.

மே 2 அன்று இன்னொரு அணுசக்தி நீர்மூழ்கியான கான்கரர், அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அர்ஜென்டினாவின் விமானந்தாங்கி உட்பட அவர்களுடைய மேற்பரப்புக் கப்பல்கள் கரையோரத்தை விட்டு வெளியே வரவில்லை. ஒரே தாக்குதலில் ஒரு கடற்படையே ஆட்டத்திலிருந்து விலகியது.

இத்தோடு நிறுத்தினால் அணுசக்தியே வென்றது என்று தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கம் சான் லூயிஸ் என்று சுமார் 1,200 டன் எடையுள்ள ஒரு ஜெர்மன் வடிவமைப்பு டீசல் நீர்மூழ்கி இருந்தது. அதன் குறிபார்க்கும் கணினி பழுது, டார்பிடோக்களும் சரியாக வேலை செய்யவில்லை. ஒரு கப்பலைக்கூட அதனால் மூழ்கடிக்க முடியவில்லை. இருந்தும் அந்த ஒற்றைக் கப்பலைத் தேடி, சந்தேகம் தந்த ஒலிகள் மேலெல்லாம் பிரிட்டிஷ் படை ஆயுதங்களைக் கொட்டியது. கடைசிவரை அதைப் பிடிக்க முடியவில்லை. அது பத்திரமாக ஊர் திரும்பியது.

பேட்டரியில் மெதுவாக ஊரும் டீசல் நீர்மூழ்கியிலிருந்து வரும் சத்தம் மிகக் குறைவு. அணு உலைக் கப்பலை அப்படி அணைத்துப் போட்டுவிட முடியாது. குளிர்விக்கும் அமைப்பும் நீராவிச் சுழலியும் எந்நேரமும் ஏதோ ஒரு அளவில் இயங்கும். இப்போது காற்று இல்லாமலே மின்சாரம் தயாரிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டதால், ஜெர்மனியின் 212 வகை போன்ற கப்பல்கள் மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று வாரம் மேலே வராமலே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஸ்வீடனின் காட்லாண்டை 2005இல் அமெரிக்கா வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்தியது. அது பாதுகாப்பு வளையத்தைத் தாண்டி உள்ளே போய், ரொனால்ட் ரீகன் என்ற விமானந்தாங்கியைப் பயிற்சிக் கணக்கில் ‘மூழ்கடித்தது’.

என் தீர்ப்பு இது. காக்க வேண்டியது சொந்தக் கடலும் பக்கத்து நீரிணைகளும் என்றால் நவீன டீசல் நீர்மூழ்கி போதும்; ஆழம் குறைந்த நீரில் அதுதான் மேல். பெருங்கடலின் மறுகோடிக்கு வேகமாகப் போய் நிற்க வேண்டிய நாட்டுக்கு மட்டுமே அணு உலை தேவை. அதற்கான பொறியாளர்கள், எரிபொருள், கழிவு, துறைமுகப் பாதுகாப்பு எல்லாம் தனிச் சுமை. இன்று அப்படிப்பட்ட கப்பலைச் சொந்தமாக இயக்குவது 6 நாடுகள்தான்.

விமானந்தாங்கிகளுக்குள்ளேயே மூன்று ரகம்

விமானந்தாங்கி என்றாலே எல்லாம் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்தை எப்படி மேலே அனுப்புகிறது என்பதில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது.

அமெரிக்கக் கப்பல்களும் பிரான்ஸின் சார்ல் த கோலும் சீனாவின் ஃபூஜியானும் கவண்பொறியால் விமானத்தை உந்தி எறிகின்றன. எனவே முழு எரிபொருளோடும் முழு ஆயுதத்தோடும் விமானம் கிளம்பலாம். இந்தியாவின் விக்ராந்த், சீனாவின் லியாவ்னிங் போன்றவற்றில் முன்பகுதி சரிவாக மேலே வளைந்திருக்கும். விமானம் தன் சொந்த எஞ்சின் பலத்தில் ஏற வேண்டும் என்பதால் சுமையைக் குறைக்க வேண்டிவரும். பிரிட்டனின் குயின் எலிசபெத், இத்தாலியின் கவூர் ஆகியவை குறைந்த தூரம் ஓடி எழும்பி, நேராக இறங்கும் விமானங்களை மட்டுமே ஏற்றுகின்றன.

இதில் ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம் போர் விமானங்கள் அல்ல, ரேடார் விமானம். உயரத்தில் பறந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் பார்க்கும் ஹாக்ஐ போன்ற கனமான விமானத்துக்குக் கவண்பொறி வேண்டும். மற்ற இரண்டு ரகங்களும் ரேடார் பொருத்திய ஹெலிகாப்டரை வைத்துச் சமாளிக்கின்றன. அது அவ்வளவு உயரம் போகாது, அவ்வளவு நேரம் நிற்காது. 1982இல் பிரிட்டனிடம் அந்த ஹெலிகாப்டர்கூட இல்லை. கவண்பொறி இருந்த ஆர்க் ராயல் 1979இலேயே ஓய்வுபெற்றுவிட்டது, அதோடு ரேடார் விமானங்களும் போயின. அந்தக் கண் இல்லாத இடைவெளியில்தான், தாழப் பறந்து வந்த விமானம் ஏவிய எக்சோசெட் ஏவுகணை மே 4 அன்று ஷெஃபீல்டு என்ற டெஸ்ட்ராயர் வகைப் போர்க்கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள்.

விமானந்தாங்கி தனியாகப் போகாது. அதைச் சுற்றி டெஸ்ட்ராயர், ஃபிரிகேட், நீர்மூழ்கி, எரிபொருள் கப்பல் எல்லாம் போக வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் உள்ள நாட்டின் கதி என்ன? சார்ல் த கோல் 2017-18இல் பெரிய பழுதுபார்ப்புக்குப் போனபோது பிரான்ஸிடம் விமானந்தாங்கியே இல்லை. ரஷ்யாவின் அட்மிரல் குஸ்னெட்சோவ் நிலைமை இன்னும் மோசம். பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த மிதக்கும் தளம் 2018இல் மூழ்கியது, அடுத்த ஆண்டே கப்பலில் தீப்பிடித்தது. கரையிலிருந்து எட்டாத தூரத்தில் வான்பலம் வேண்டிய நாட்டுக்கு இதற்கு மாற்று கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைந்தது இரண்டு வாங்கி, துணைக்கப்பல்களையும் வாங்க முடியாதவர்கள் ஒன்றை வாங்குவது வீண்செலவு என்பதே என் கருத்து.

டெஸ்ட்ராயரும் ஃபிரிகேட்டும்

பொதுவாக டெஸ்ட்ராயர் பெரியது. படையணிக்கே வான்பாதுகாப்புக் குடை பிடிப்பது அதன் வேலை. ஃபிரிகேட் கொஞ்சம் சிறியது, நீர்மூழ்கி வேட்டையில் கெட்டி. ஆனால் இன்று பெயரையும் எடையையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏவுகணைகளை மேல்நோக்கி ஏவும் செங்குத்து ஏவுகுழாய்கள் எத்தனை, ரேடார் என்ன, கப்பலின் பின்னால் இழுபட்டு நீருக்கடியில் ஒலி கேட்கும் இழுவைச் சோனார் உண்டா என்ற மூன்றைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்லே பர்க் வகையின் பிந்தைய கப்பல்களில் 96 குழாய்கள், சீனாவின் 055 வகையில் 112, பிரிட்டனின் 45 வகையில் 48.

ஜெர்மனியின் 125 வகை ஃபிரிகேட் 7,000 டன்னுக்கு மேல். அதில் செங்குத்து ஏவுகுழாயே கிடையாது. கடற்கொள்ளையரைத் தடுப்பது, தூரதேசத்தில் நீண்ட காலம் நிற்பது என்று அமைதிக்கால வேலையை எண்ணிக் கட்டினார்கள். 2024 இறுதியில் அந்த வகையின் பாடன்-வூர்ட்டம்பெர்க் ஆசியாவிலிருந்து திரும்பியபோது, செங்கடலில் ஏவுகணையும் டிரோனும் பறந்துகொண்டிருந்ததால் அந்த வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவையே சுற்றி ஊர் போய்ச் சேர்ந்தது. ஓர் ஆண்டுக்கு முன் அதே செங்கடலில் அமெரிக்க டெஸ்ட்ராயர் கார்னி மணிக்கணக்கில் நின்று ஏவுகணைகளையும் டிரோன்களையும் சுட்டு வீழ்த்தியிருந்தது. இரண்டு கப்பலுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை!

டெஸ்ட்ராயருக்கும் ஒரு குறை உண்டு. குழாயில் இருப்பதை ஏவித் தீர்த்துவிட்டால் பெரும்பாலும் துறைமுகத்துக்குத் திரும்பித்தான் நிரப்ப வேண்டும். கடலில் வைத்து நிரப்புவது இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. விலை உயர்ந்த இரண்டு டெஸ்ட்ராயர்களுக்குப் பதில், நடுத்தர ரேடாரும் 16 முதல் 32 குழாயும் இழுவைச் சோனாரும் ஹெலிகாப்டரும் உள்ள நான்கு ஃபிரிகேட் என்றால் நான் ஃபிரிகேட் பக்கம்தான் நிற்பேன். முன்னே சொன்ன மூன்றுக்கு ஒன்று கணக்கில், எண்ணிக்கை இல்லாதவரிடம் கடலில் கப்பலே இருக்காது.

கார்வெட், ஏவுகணைப் படகு, ரோந்துக் கப்பல்

1967 அக்டோபரில் எகிப்தின் சிறிய ஏவுகணைப் படகுகள், போர்ட் சயீத் துறைமுகத்தை விட்டு வெளியே வராமலே இஸ்ரேலின் எய்லாட் டெஸ்ட்ராயரை மூழ்கடித்தன. அன்றிலிருந்து ஏவுகணைப் படகுக்குப் பெரிய மவுசு. 1991இல் அந்த மவுசு கலைந்தது. ஈராக்கின் ஏவுகணைப் படகுகளை பிரிட்டிஷ் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாக அடித்தன. மேலே வருவதைச் சுட அந்தப் படகுகளிடம் சரியான ஆயுதம் இல்லை. தற்காப்பு ஏவுகணையும் சோனாரும் ஏற்றக்கூடிய, ஃபிரிகேட்டைவிடச் சிறிய கார்வெட் இந்த இடத்தில் மேலானது.

மீன்பிடி எல்லை, கடத்தல், மீட்புப் பணி ஆகியவற்றுக்கு ஒரு சிறு பீரங்கி உள்ள ரோந்துக் கப்பல் போதும். இதற்கு ஃபிரிகேட்டை அனுப்புவது அதன் ஆயுளைக் கரைப்பதுதான். எல்லா வேலையையும் ஒரே கப்பலில் கருவித் தொகுப்பை மாற்றி மாற்றிச் செய்யலாம் என்ற ஆசையில் அமெரிக்கா கட்டிய கரையோரப் போர்க்கப்பல்களைப் பாருங்கள். மணிக்கு 40 கடல்மைலுக்கு மேல் வேகம், ஆனால் நீர்மூழ்கி வேட்டைக்கான கருவித் தொகுப்பு 2022இல் கைவிடப்பட்டது. அவற்றில் ஒன்றான சூ சிட்டி ஐந்து வருடம்கூட முடியாமல் 2023இல் ஓய்வு பெற்றது.

யாரும் படம் எடுக்காத கப்பல்கள்

1988இல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்க ஃபிரிகேட் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஒரு கடற்கண்ணியில் மோதியது. கண்ணியின் வடிவமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அடிப்பகுதியில் சுமார் 5 மீட்டர் ஓட்டை, கப்பலின் முதுகெலும்பே முறிந்தது. விரிசல் விட்ட மேல்கட்டுமானம் பிளந்து போகாமலிருக்க மாலுமிகள் எஃகு வடங்களைச் சுற்றி இழுத்துக் கட்டினார்கள். கப்பல் பிழைத்தது அவர்களால்தான். ஊருக்கு அதை இன்னொரு கப்பலின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். மூன்று வருடம் கழித்து அதே வளைகுடாவில், 1991 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்கக் கப்பல்களான டிரிப்போலியும் பிரின்ஸ்டனும் ஒரே நாளில் கண்ணிகளில் அடிபட்டன. பல பெரிய கடற்படைகள் இன்றும் கண்ணி அகற்றும் கப்பலை வரவுசெலவில் கடைசி வரியில்தான் வைக்கின்றன. ஒரே துறைமுகத்தை நம்பி இருக்கும் நாட்டுக்கு இந்த அலட்சியம் கட்டுப்படியாகாது.

அப்புறம் சரக்கும் எரிபொருளும். ஃபாக்லாந்தில் பிரிட்டன் இழந்தவற்றிலேயே தரைப்படைக்கு மிகவும் வலித்தது எந்தப் போர்க்கப்பலும் அல்ல, அட்லாண்டிக் கன்வேயர் என்ற வணிகக் கப்பல். மே 25 அன்று அது எரிந்தபோது, அதிலிருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் அப்போது வானில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. மூட்டையைச் சுமந்துகொண்டு வீரர்கள் தீவை நடந்தே கடக்க வேண்டியதாயிற்று.

எனவே என் வாங்கும் வரிசை இப்படி: மூன்று டீசல் நீர்மூழ்கிகள், ஆறு ஃபிரிகேட்டுகள், இரண்டு எரிபொருள் கப்பல்கள், இரண்டு கண்ணி அகற்றும் கப்பல்கள், மீதிப் பணத்துக்கு ரோந்துக் கப்பல்கள். இவை அனைத்துக்கும் பயிற்சி பெற்ற ஆட்களும் உதிரிப் பாகங்களும் முழுமையாகக் கிடைத்த பிறகு, விமானந்தாங்கியைப் பற்றிப் பேசலாம்.