ஷிங்கிள் கூரைக்கு எந்த நெயில் கன்? காசுக்கு ஏற்றது எது?

ஷிங்கிள் (கூரையில் வரிசை வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று படிய ஆணியடிக்கும் தார்த் தகடு) கூரைக்கு நெயில் கன் (ஆணி அடிக்கும் கருவி) வாங்கும்போது நான் முதலில் தேடுவது, ஆணி இறங்கும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு எப்படி இருக்கிறது என்பதைத்தான். ஆணியின் தலை ஷிங்கிளோடு சமமாகப் படிய வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் தலை ஷிங்கிளை வெட்டிவிடும். பலத்த காற்றில் அது பிய்த்துக்கொண்டு போகும். குறைவாக இறங்கினாலோ, துருத்தி நிற்கும் தலை மேல் வரிசையைத் தூக்கி, நாளடைவில் ஓட்டையும் போடும். 100 சதுர அடிக்குச் சாதாரண ஷிங்கிள் சுமார் 80 பிடிக்கும். ஒன்றுக்கு 4 ஆணி என்றால் 320. காற்று அதிகமுள்ள இடங்களில் 6 அடிப்பார்கள், 480 ஆகிவிடும். அத்தனையும் ஒரே ஆழத்தில் இறங்க வேண்டும். மலிவு கன்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடும்.

நீண்ட காலமாக அருகருகே வைத்துப் பேசப்படுபவை இரண்டு: பாஸ்டிச் ஆர்என்46, ஹிட்டாச்சி என்வி45ஏபி2. இரண்டாவது, வட அமெரிக்காவில் 2018 முதல் மெட்டாபோ எச்பிடி என்ற பெயரில் வருகிறது. இரண்டுமே கம்ப்ரஸர் அழுத்தித் தரும் காற்றில் ஓடுபவை, 70 முதல் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் கேட்பவை, 120 ஆணி கொண்ட சுருளை ஏற்பவை. எடையும் இரண்டரைக் கிலோவை ஒட்டித்தான். பாஸ்டிச் முக்கால் அங்குல ஆணியையும் அடிக்கும். ஹிட்டாச்சி முக்காலே அரைக்கால் அங்குலத்தில்தான் தொடங்கும். கூரை வேலையில் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குல ஆணிதான் ஓடும் என்பதால் இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கப் போகிறவருக்கு என் ஓட்டு ஹிட்டாச்சிக்கு. ஒரே ஒரு கூரை போடப் போகிறவர், நல்ல நிலையில் பழைய பாஸ்டிச் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

மகிட்டா ஏஎன்454-ஐயும் பார்க்கலாம். ஒவ்வொன்றாக அடிப்பது, தட்டித் தட்டித் தொடர்ச்சியாக அடிப்பது, பூட்டி வைப்பது என மூன்றுக்கும் ஒரே சுவிட்ச். சரிவான கூரையில் நிற்கும் புதியவருக்கு அந்தப் பூட்டு மிகவும் அவசியம் என்பேன்.

சரி, பேட்டரி கன்? டிவால்ட், மில்வாக்கி என்ற இரண்டு நிறுவனங்களிடமும் உண்டு. ஹோஸ் காலில் சிக்காது, கம்ப்ரஸர் சுமக்க வேண்டாம். நாலைந்து ஷிங்கிள் மாற்றும் பழுது வேலைக்கு அருமை. ஆனால் எடை கூடும், விலையும் கூடும். முழுக் கூரை போட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்ப்ரஸரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னத் தொட்டியில் இரண்டு கன் ஓட்டினால் அழுத்தம் இறங்கி, எவ்வளவு நல்ல கன்னும் ஆணியை அரைகுறையாக விடும். அப்புறம், பழைய கன் வாங்குவதானால் கடையிலேயே ஒரு பிளைவுட் துண்டின் மேல் ஷிங்கிளை வைத்துப் பத்து ஆணி அடித்துப் பாருங்கள். ஒன்று புதைந்து, அடுத்தது துருத்தி நின்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.