ஜுரோஜினா, ஃபுகுரோகுஜுவா?

ஜப்பானியச் சுருள் ஓவியத்தில் ஒரு தாடிக்காரக் கிழவர், கையில் தடி, காலடியில் ஒரு பிராணி. ஆயுளைத் தரும் சாமி என்பதுவரை சரி. ஆனால் யார் இவர்? ஜப்பானின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஜுரோஜின், ஃபுகுரோகுஜு இருவருக்கும் இதே வேலைதான். எப்படி அடையாளம் காண்பது, வீட்டில் மாட்ட யாரைத் தேர்வது? இருவருமே சீனர்கள் வணங்கிய 'தென்துருவக் கிழவர்' என்ற விண்மீனிலிருந்து வந்தவர்கள். நாம் அகத்தியர் என்கிறோமே, அதே கேனோபஸ். சென்னையில் 24 பாகை உயரத்துக்கு ஏறும். டோக்கியோவில் 2 பாகை ஏறினாலே பெரிது. கண்ணில் பட்டால் பாக்கியம் என்று நினைத்திருக்க மாட்டார்களா? ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு நாற்காலி என்று சிலர் இருவரில் ஒருவரை எடுத்துவிட்டு, கிச்சிஜோதென்னை வைத்ததும் உண்டு. அந்த அம்மாள் நம்ம லட்சுமிதான்.

முதலில் தலையைப் பாருங்கள். உடம்போடு போட்டி போடும் நெற்றியும் குள்ள உருவமும் என்றால் ஃபுகுரோகுஜு. (குறுமுனி நினைவுக்கு வருகிறார் அல்லவா?) ஜுரோஜினுக்குப் பெரும்பாலும் நம்மைப் போன்ற தலைதான், மேலே ஒரு குல்லாய். பிராணியை மட்டும் நம்பாதீர்கள். கொக்கும் ஆமையும் ஃபுகுரோகுஜுவுக்கு, மான் ஜுரோஜினுக்கு என்பது பொது வழக்கம். ஆனால் ஃபுகுரோகுஜு பெயரின் நடுவில் இருக்கும் 'ரோகு' செல்வத்தைக் குறிக்கிறது. மானைக் குறிக்கும் எழுத்துக்கும் அதே ஒலி. அந்தச் சிலேடைக்காக நீளத் தலைக்காரர் பக்கத்திலும் மானை நிறுத்திவிடுவார்கள்.

ஜுரோஜினிடம் எனக்குப் பிடித்தது அந்தத் தடி. அதில் ஒரு சின்னச் சுருள் கட்டித் தொங்கும். மனிதர்களின் ஆயுள் கணக்கு அதில் இருக்கிறதாம். சுருளுக்குள் ஒரு சுருள்! கண்ணியமான படம் வேண்டுமென்றால் இவரை மாட்டலாம்.

வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் மற்றவர்தான். ஓட்சு ஊரில் தோகைதோ என்ற பழைய நெடுஞ்சாலையின் வழிப்போக்கர்களுக்கு மலிவாக விற்ற நாட்டுப்புறப் படங்களில் ஒன்றில், நீளத் தலைமேல் ஏணி சாத்தி ஏறி, தைகோகு என்ற இன்னொரு சாமி மொட்டையடிக்கிறார்.

என் ஓட்டு ஃபுகுரோகுஜுவுக்கே. மானும் மரமும் பரந்து நிற்க ஜுரோஜினுக்கு அகலம் வேண்டும், சுருளோ ஒல்லி. ஆணியில் மாட்டிவிட்டு மெல்லக் கீழே இறக்கினால் முதலில் நெற்றி தெரியும். இன்னும் இறக்குங்கள், இன்னும் நெற்றி. அப்புறம்தான் புருவம் வரும்.