டிசைன் டிகிரியா, வீடியோ பார்த்துக் கற்பதா? இரண்டையும் செய்தவன் போட்ட கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை. 2009-லிருந்து இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து வீடியோக்களையும் புத்தகங்களையும் வைத்து டிசைன் கற்றேன். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், சின்ன கம்பெனிகளுக்கு லோகோ என்று கைச்செலவுக்குச் சம்பாதிக்கவும் செய்தேன். அப்புறம் 2011-ல், என்னைவிட வயதில் சிறியவர்கள் நடுவே போய் உட்கார்ந்து கிராஃபிக் டிசைனில் இளங்கலை படித்தேன். இன்னொரு முறை தேர்ந்தெடுக்கச் சொன்னால் பட்டப்படிப்பைத்தான் எடுப்பேன். ஆனால் அதற்கான காரணம் கல்லூரி விளம்பரங்களில் வருவது அல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். பட்டப்படிப்பு மூன்று வருடம், சில நாடுகளில் நான்கு. சொந்தமாகக் கற்பவர் ஒழுங்காக உழைத்தால் ஆறேழு மாதத்தில் முதல் காசைப் பார்த்துவிடலாம். செலவு எதில் அதிகம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன!

மென்பொருள் கற்பதில் கல்லூரி தோற்றுப்போகும், அதில் சந்தேகமே வேண்டாம். பாடத்திட்டம் மாறுவதற்குள் மென்பொருள் இரண்டு முறை மாறிவிடுகிறது. ஆனால் இந்த வெற்றியும் அவ்வளவு பெரியதில்லை. வீட்டுக் கல்வியின்போது, இணையத்தில் அசையும் படங்கள் செய்யும் ஃப்ளாஷ் மென்பொருளைக் கற்பதற்கென்றே நான் பல மாதங்களைக் கொட்டினேன். அதில் செய்ததை ஓட்டும் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுத்தியது. அதற்குப் பல வருடம் முன்பே அந்த வேலைகள் வற்றிவிட்டன. ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை மென்பொருளில் கை பழகியவர்களுக்கு இதே கதை 2007-லேயே நடந்தது. மாறாக, செயலி, இணையத்தள வடிவமைப்புக்கான ஃபிக்மா எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது 2016-ல், நான் படித்து முடித்த பிறகு. வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வாரத்தில் கையில் வந்துவிட்டது. ஆகவே மென்பொருளுக்காகக் கல்லூரிக்குப் போகாதீர்கள்; கல்லூரியில் மென்பொருள் சரியில்லை என்பதற்காகப் போகாமலும் இருக்காதீர்கள்.

சான்றிதழ் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. மருத்துவம், கட்டடக்கலை போல உரிமம் வாங்கிக்கொண்டு செய்யும் தொழில் அல்ல இது. என்னுடைய முதல் வேலையில் பட்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் புரட்டினார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வேலை பெரிய நிறுவனம். அங்கே டிசைன் குழு என்னைப் பார்ப்பதற்கு முன்பே மனிதவளப் பிரிவு பட்டத்தைக் கேட்டது. வெளிநாட்டு வேலை விசா, முதுகலை, கற்பிக்கும் வேலை ஆகிய மூன்றிலும் பட்டம் உதவும். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு இளங்கலைப் பட்டமோ அதற்குச் சமமான தகுதியோ வேண்டும். ஜப்பானில் பட்டத்துக்குப் பதில் நீண்ட அனுபவத்தைக் காட்ட வேண்டிவரும். இந்த மூன்றில் ஒன்று உங்கள் திட்டத்தில் உறுதியாக இருந்தால், மேற்கொண்டு யோசிக்க அதிகமில்லை.

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழும்: “பெரிய டிசைனர்களே படிக்கவில்லையே?” உடனே டேவிட் கார்சன் பெயர் வரும். 1990களில் ரே கன் இசைப் பத்திரிகையின் பக்கங்களைக் கலைத்துப்போட்டுப் புகழ்பெற்றவர். உண்மைதான், அவர் டிசைன் பட்டதாரி இல்லை. ஆனால் சமூகவியலில் பட்டம் பெற்றவர், சுவிட்சர்லாந்து போய்க் குறுகிய காலப் பட்டறையிலும் உட்கார்ந்தவர். அடுத்து, 1984-ல் வந்த மேக்கின்டாஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேர். கணினியில் வரைந்த அனுபவம் இல்லாமல்தான் அந்த வேலைக்குப் போனார், ஆனால் நுண்கலையில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுப் போனார். ஒன்றுமே படிக்காமல் ஜெயித்தவர்கள் என்று இவர்களைக் காட்டுவது எடுபடாது.

சரி, பாடத்துக்கு வருவோம். முதல் வருடத்தில் கணினியை அதிகம் தொடவே விடவில்லை. கோடு, வடிவம், நிறம், பரப்பு என்று காகிதத்தில் மாரடித்தோம். 1919-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் யோஹானஸ் இட்டன் தொடங்கிய அடிப்படைப் பயிற்சியின் வாரிசுதான் இன்று பல கல்லூரிகளில் நடக்கும் இந்த முதல் வருடம். டைப்போகிராஃபி (எழுத்துகளை அடுக்கும் கலை) வகுப்பில் ஒரு பயிற்சி இன்னும் நினைவிருக்கிறது: ஒரே வாக்கியம், ஒரே ஃபான்ட், ஒரே அளவு, கறுப்பு மட்டும். இருபது விதமாக அடுக்கிக்கொண்டு வர வேண்டும். ஏழாவதுடன் எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. பதினைந்தைத் தாண்டும்போதுதான் வெற்றிடம் என்றால் என்னவென்று புரியத் தொடங்கியது. சொந்தமாகக் கற்றுக்கொண்டிருந்தபோது இதைச் செய்திருப்பேனா? மாட்டேன். ஏழாவதிலேயே அடுத்த வீடியோவுக்குத் தாவியிருப்பேன். இருந்தாலும், வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள், அச்சுக்கு மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்), அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கும் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறைக்கும் உள்ள வேறுபாடு போன்ற விஷயங்களை எந்த நல்ல புத்தகமும் சொல்லிவிடும். இவை மட்டும் என்றால் மூன்று நான்கு வருடம் தேவையே இல்லை.

புத்தகத்தால் தர முடியாததும், வீட்டில் எனக்குக் கிடைக்கவே கிடைக்காததும் ஒன்றுதான். கிரிட்டீக். மாணவர்கள் வாயில் வெறும் ‘கிரிட்’.

தெரியாதவர்களுக்காக: எல்லாரும் தங்கள் வேலையை அச்செடுத்துச் சுவரில் குத்துவார்கள். வகுப்பு முழுக்க அதன் முன்னால் நிற்கும். எங்கள் வகுப்பில், செய்தவர் முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்வார்கள். என்ன பிடித்திருக்கிறது என்பதை அப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாம் வருடத்தில் மருந்துப் பெட்டி வடிவமைப்பு ஒன்று கொடுத்தார்கள். ஒரே மாத்திரை, 5 மில்லிகிராம், 50 மில்லிகிராம் என இரண்டு வீரியம், ஆக இரண்டு பெட்டிகள். நான் இரண்டு வாரம் உழைத்தேன். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, ஓரத்தில் அழகான நீலக் கோடு. திரையில் பார்க்கும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. சுவரில் குத்தினேன். ஆசிரியர் எதுவும் சொல்லாமல், எதிர்ச் சுவர் வரை பின்னால் போய் நிற்கும்படி வகுப்பிடம் சொன்னார். அப்புறம் ஒரு பெண்ணைப் பார்த்து, “இதில் எது ஐம்பது?” என்றார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், இடது பக்கப் பெட்டியைக் காட்டினாள். இடது பக்கம் இருந்தது ஐந்து.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. ஐந்து நிமிட விதி இருந்ததால் எனக்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை. கொஞ்சம் யோசித்தால், மருந்துக் கடையில் பெட்டியின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நான் இருக்கப்போவதில்லையே.

இதையே வீட்டுக் கல்விக் காலத்தோடு வைத்துப் பாருங்கள். இதே மாதிரி வெளிறிய, மெல்லிய, பார்க்கப் ‘பளிச்’சென்ற வேலைகளைத்தான் அப்போதும் செய்துகொண்டிருந்தேன். போர்ட்ஃபோலியோ தளத்தில் ஏற்றினேன். விருப்பக்குறிகள் குவிந்தன. “அருமை”, “சூப்பர்”, “தொடருங்கள்”. இரண்டு வருடத்தில் ஒருவர்கூட “படிக்க முடியவில்லை” என்று சொன்னதில்லை. அவர்கள் மேல் தவறில்லை. போகிற போக்கில் பார்ப்பவர்கள் குறை சொல்ல எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும்? கிளையன்ட்டுகளும் சொல்லவில்லை. அவர்கள் காசு கொடுத்தார்கள், அல்லது அடுத்த முறை கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்ற பாடம் எனக்கு வந்து சேரவே இல்லை.

கிரிட்டில் திட்டு வாங்குவது பாதி. அடுத்தவர் வேலையைப் பற்றிப் பேசப் பழகுவது மறுபாதி, நீண்ட காலத்துக்கு உதவியது அதுதான். “எனக்குப் பிடிக்கவில்லை” என்ற வாக்கியத்துக்கு எங்கள் வகுப்பில் தடை. தலைப்புக்கும் படத்துக்கும் சண்டை, கண் முதலில் எங்கே போவது என்று தெரியவில்லை, இந்தச் சிவப்பு விலையைவிட முகவரியைத் தூக்கிக் காட்டுகிறது, இப்படி எது எதைக் கெடுக்கிறது என்று சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு வாரம் இருபது பேர் வேலையைப் பற்றி இப்படிப் பேசிப் பேசி, கடைசியில் அந்தக் குரல் நம் மண்டைக்குள்ளேயே குடிவந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்குத் தனியாக வேலை செய்யும்போதும் அது கேட்கும்.

வேலையில் இதன் பயன் எங்கே வந்தது தெரியுமா? கிளையன்ட் “லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்” என்பார். முன்பெல்லாம் உள்ளுக்குள் கடுப்பாகி, பெரிதாக்கிக் கொடுத்துவிடுவேன். கிரிட் பழகிய பிறகு, இவருக்கு என்ன உறுத்துகிறது என்று கேட்கத் தோன்றியது. பாதி நேரம் லோகோவின் அளவு சரியாகத்தான் இருக்கும். சுற்றிலும் நெரிசல், அதனால் கண்ணில் படவில்லை. பக்கத்தில் இருப்பதை எடுத்தால் அவர் திருப்தியாகிவிடுவார். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு நிமிடத்தில் பத்து லோகோவைத் துப்புகின்றன. அந்தப் பத்தில் எந்த ஒன்பதை ஏன் எறிய வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. அதுவும் இதே திறமைதான்.

கிரிட்டுக்குக் கெட்ட பக்கம் இல்லாமலில்லை. எங்கள் ஆசிரியர்களில் ஒருவருக்கு சுவிஸ் பாணி மேல் தீராத காதல். ஹெல்வெடிக்கா ஃபான்ட், இடப்பக்க ஒழுங்கு, கண்டிப்பான கட்டம். அந்தப் பருவம் முடிந்தபோது வகுப்பில் பாதிப் பேரின் வேலையைப் பெயர் மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாது. அலங்காரமாக வரையும் தோழன் ஒருவன் அந்த ஆறு மாதமும் சுருங்கியே போனான். பழைய கை திரும்ப அவனுக்கு ஒரு வருடமானது. சுவருக்கு முன்னால் அழுதவர்களும் உண்டு. கடுமை வேறு, குரூரம் வேறு என்று தெரியாத ஆசிரியரிடம் மாட்டினால், வீடியோ பார்த்துக் கற்பது எவ்வளவோ மேல்.

பட்டப்படிப்புக்கு வெளியே இது கிடைக்காதா? முயன்றிருக்கிறேன். இணையத்தில் பழகிய நான்கு பேர் சேர்ந்து வாராவாரம் ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பதாக ஒப்பந்தம். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருவருக்கு அவசர வேலை, ஒருவருக்குக் கல்யாணம், அத்தோடு சரி. கட்டாயம் இல்லாத இடத்தில் கசப்பான விஷயம் நீடிப்பது கஷ்டம். கல்லூரி அந்தக் கட்டாயத்தைத்தான் விற்கிறது என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

இதற்கு ஈடான ஒரே வழி, நல்ல ஆர்ட் டைரக்டரின் கீழ் இளநிலை டிசைனராகச் சேர்வது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் வந்தார், பட்டம் கிடையாது. அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மை. தினமும் பத்து முறை திருத்தி அனுப்பும் மேலாளர் மூன்று வருடம் வாய்த்திருக்கிறார், அதுவும் சம்பளத்தோடு! அப்படி ஓர் இடம் உங்களுக்குக் கையில் இருந்தால் பட்டப்படிப்பைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்த உதாரணம். ஒருவரை வைத்து விதி எழுத முடியாது.

ஆறு மாத டிப்ளமோ, செயலி வடிவமைப்புக்கான தீவிரப் பயிற்சி முகாம் போன்றவற்றைப் பற்றி நான் அடித்துப் பேசமாட்டேன். அந்தப் பக்கம் போனதில்லை. முகாமில் படித்து வந்த இரண்டு பேரோடு வேலை செய்திருக்கிறேன். செயல்முறையைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், எழுத்துகளைக் கையாள்வதில் மட்டும் தடுமாறினார்கள். இரண்டு பேரை வைத்து மொத்த முகாமையும் எடைபோட முடியுமா என்று நீங்கள் கேட்டால், முடியாதுதான்.

பட்டப்படிப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்க முறையில் பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஸ்டூடியோ வேலையும் கலைப் பாடமுமாக இருக்கும்; பிஏ-வில் அது மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும், மீதி பொதுப் பாடங்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் சேர்ந்த பிறகு விழிப்பவர்கள் உண்டு. வகுப்பில் எத்தனை பேர் என்பது அதைவிட முக்கியம். அறுபது பேரை ஒரே அறையில் உட்காரவைத்து ஸ்லைடு போடும் இடத்தில் கிரிட் நடக்க வாய்ப்பே இல்லை. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம் ஆகுமே! அந்த மாதிரி இடத்துக்கும் வீடியோவுக்கும் உள்ள வித்தியாசம், வீடியோவை நிறுத்திவைத்துப் பார்க்கலாம் என்பது மட்டும்தான்.

சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அலுவலக அறையில் காட்டும் வழவழப்பான மாணவர் ஆல்பத்தை அவசரமாகப் புரட்டினால் போதும். மூன்றாம் வருட மாணவர் யாரையாவது பிடித்து, கடைசியாக எப்போது உன் வேலையைச் சுவரில் குத்தினாய், யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். போன வாரம் வாங்கிய அடியை அப்படியே ஒப்பித்தால் நல்ல அறிகுறி. அவர் யோசிக்க ஆரம்பித்தால், நீங்களும் யோசிக்க ஆரம்பிக்கலாம். கிளம்பும்போது ஸ்டூடியோவின் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். எங்கள் ஸ்டூடியோவில் குண்டூசி ஓட்டை விழாத இடம் உள்ளங்கை அகலத்துக்குக்கூட இருந்ததில்லை.