டஸ்ட்னா தூசி மட்டும் இல்லைங்க: குன்னூர்ல நான் போற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் பத்தி

பெட்ஃபோர்ட் பக்கம் ஒரு மாடியில சாயங்காலம் 6ல இருந்து 7.30 வரைக்கும் நடக்குற கிளாஸ் இது, மூணு மாசமா போயிட்டு இருக்கேன், சேரலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க அதான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், தாராளமா சேருங்க.

நான் வேலை பாக்குறது டீத்தூள் கடை கவுன்டர்ல. சீசனுக்கு வர்றவங்க பாக்கெட்ல டஸ்ட்னு போட்டிருக்கறத பாத்ததும் முகத்த சுளிச்சுட்டு "நோ டஸ்ட், குட் டீ குடுங்க"ம்பாங்க, ஏதோ ஃபேக்டரில கூட்டி அள்ளுனத அடைச்சு விக்கிற மாதிரி. அப்படி இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும் ஆனா இங்கிலீஷ்ல எடுத்து சொல்ல வராது, நம்ம ஊரு சரக்க நம்ம கண்ணு முன்னாடி ஒதுக்கி வைக்கிறப்ப மனசு கஷ்டமா இருக்கும்.

இத மிஸ்கிட்ட சொன்னேன். மறுநாள் ஒன்றரை மணி நேரமும் அந்த ஒரே வார்த்தைதான். என்னையே கடைல இருந்து கொஞ்சம் எடுத்துட்டு வர சொல்லி, ரெண்டு வெள்ளத்தாள்ல லீஃப்ங்கிற பெரிய துகள் ரகம் கொஞ்சம் டஸ்ட் கொஞ்சம் கொட்டி எல்லாரையும் தொட்டுப் பாக்க சொன்னாங்க. லீஃப் விரல்ல உருண்டுச்சு, டஸ்ட் நைஸ் ரவை மாதிரி ரேகைல ஒட்டிக்கிச்சு. சி.டி.சி. மெஷின்ல இலைய நசுக்கி கிழிச்சு சுருட்டி, புளிக்க வச்சு காய வச்சு, அப்புறம் சலிக்கிறப்ப அடில தங்குற பொடிசுக்குத்தான் டஸ்ட்னு பேரு, அது கிரேடு, அழுக்கு இல்ல. பொடிசா இருக்கறதால கொதி தண்ணி பட்டதும் சாயம் இறங்கிடும், டீக்கடை மாஸ்டருங்க அத விரும்புறதுக்கு காரணமே அதான். குன்னூர் டீத்தூள் ஏலத்துலயே லீஃப் தனி டஸ்ட் தனி, சூப்பர் ஃபைன் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட்னு அதுக்குள்ளயும் ரகம் இருக்கு.

அடுத்து அதையே வினைச்சொல்லா எடுத்தாங்க, அங்கதான் எனக்கு ஒரு பழைய வலி புரிஞ்சுது. முன்னாடி ஒரு பேக்கரில இருந்தப்ப "டஸ்ட் த டின்"னு சொன்னாங்க, நான் ஈரத்துணி எடுத்து டின்ன பளபளன்னு துடைச்சு வச்சேன், அத்தனை கேக்கும் அடி புடிச்சு பிஞ்சு வந்துச்சு, எல்லார் முன்னாடியும் திட்டு. அவங்க சொன்னது மைதாவ தூவ சொல்லி! அலமாரிய டஸ்ட் பண்ணுன்னா இருக்குறத எடுக்கணும், கேக்க சர்க்கரையால டஸ்ட் பண்ணுன்னா இல்லாதத தூவணும், ஒரே சொல்லு ரெண்டு எதிர் வேலை. பின்னால "வித்" வந்து ஏதாவது பொடி பேரு வந்தா தூவுறதுதான், அது வரலன்னா எங்க நின்னு யார் சொல்றாங்கன்னு பாருங்கன்னு மிஸ் சொன்னாங்க. இத அன்னிக்கே யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்.

கேதர் டஸ்ட்னா யாரும் தொடாம கிடக்குறது, பைட் த டஸ்ட்னா விழுந்து தோக்குறது இல்ல சாகுறது, டன் அண்ட் டஸ்டட்னா வேலை சுத்தமா முடிஞ்சுது, இதெல்லாம் வேகமா போச்சு. ஆனா ஒண்ணு மறக்கவே இல்ல, ஜெர்மன்ல டஸ்ட்ங்கிற சொல்லுக்கு சொந்தக்கார வார்த்தை டுன்ஸ்ட்டாம், அதுக்கு ஆவி, பனிமூட்டம்னு அர்த்தமாம். அப்ப ஜன்னலுக்கு வெளிய ரோடே தெரியாம மூடியிருந்துச்சு. நம்ம தமிழ்லயும் தூசுன்னா பழைய பாட்டுல துணின்னு ஒரு அர்த்தம் இருக்குன்னாங்க, எனக்கு அது புதுசு.

குறைன்னா, குடுக்குற ஜெராக்ஸ் தாள்ல எழுத்து மங்கல், கடைசி வரிசைல லைட் பத்தாது, 7.30ன்னு சொல்லி 8 ஆயிடும். அருவங்காடு, கேத்தி பக்கம் பஸ் புடிக்கிறவங்களுக்கு இது பெரிய சிரமம், மிஸ்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கேன்.

போன வாரம் ஒரு அம்மா டஸ்ட் பாக்கெட்ட தள்ளி வச்சாங்க. "இட் இஸ் த கிரேடு நேம் மேடம், ஸ்மால் கிரெய்ன்ஸ், ஸ்ட்ராங் டீ"ன்னு சொல்லி உள்ளங்கைல கொஞ்சம் போட்டுக் காட்டினேன், மோந்து பாத்துட்டு கால் கிலோ வாங்குனாங்க. சேர்றவங்க 5.45க்கே போயிடுங்க, ஜன்னலோர முன் பெஞ்ச்ல இடம் கிடைக்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.